காத்து நிக்குதா?

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி சீர்காழிக்குப் போகும் வழியில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் கிளம்பிய பயணத்தின் இரண்டாம் நாள், மதியம் பன்னிரண்டு மணி. பதினொரு மணிக்கு மேல் சாலையில் இருக்கக் கூடாது என்ற புத்தி அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. பஞ்சர் ஒட்ட எனக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன் மொட்டைமாடியில் நாலு தடவை டியூபைக் கழற்றி மாட்டிப் பழகியிருந்தேன். மொட்டைமாடியில் நடக்காத ஒன்று இங்கே நடந்தது. ஒட்டி முடித்துக் காற்றடிக்கும்போது கைப்பம்பின் வாஷர் கிழிந்து, அடித்த காற்றெல்லாம் என் முகத்துக்கே வந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அரை மணி நேரம் நடந்தேன். ஒரு வேப்பமரத்தில் பழைய டயர் தொங்குவது தெரிந்தது. நம் ஊரில் பஞ்சர் கடைக்கு அதுதானே போர்டு. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். டியூபை உருவி, நான் ஒட்டிய பேட்ச்சின் ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பினார். அப்படியே உரிந்து வந்துவிட்டது.

"இது நிக்காது தம்பி."

முதலில் டயரின் உள்பக்கம் விரலை விட்டு மெதுவாக ஒரு சுற்று தடவினார். ஓரிடத்தில் நின்றது விரல். குறடால் பிடுங்கினார்: அரை அங்குல கருவேல முள். நான் டியூபை மட்டும் ஒட்டிவிட்டு முள்ளை டயரிலேயே விட்டிருந்தேன். பம்பு வேலை செய்திருந்தாலும் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி இறங்கியிருக்கும். அப்புறம் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, டியூபை மடியில் போட்டுக்கொண்டு பீடி பற்றவைத்தார். ஒட்டவில்லையா என்று கேட்டேன். "ஈரத்தோட ஒட்டுனா நிக்காது. தொட்டா விரல்ல ஒட்டக் கூடாது, அப்பதான் பேட்ச் வெக்கணும்" என்றார். மொட்டைமாடியில் நான் ஈரத்தோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தேன். நாலு தடவையும்.

அடுத்த சிக்கல் வால்வு. என் சைக்கிளில் இருந்தது பிரெஸ்டா வால்வு. ஒல்லியாக, உச்சியில் ஒரு குட்டித் திருகோடு இருக்கும். பைக்குக்குக் காற்றடிக்கும் பம்பு அதில் நேராக உட்காராது. அதற்கென்று பித்தளையில் ஒரு அடாப்டர் உண்டு. நானும் வாங்கியிருந்தேன். முதல் நாள் இரவு புதுச்சேரி லாட்ஜில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் வால்வையும் அதன் பிளாஸ்டிக் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். மூடியின் நுனியைப் பிளேடால் சீவி, தலைகீழாகத் திருப்பி வால்வில் திருகினார். பைக்குக்குக் காற்றடிக்கும் குழாய் அதன் மேல் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. இந்த வித்தை சைக்கிள்காரர்களுக்குப் பழையது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை.

எவ்வளவு என்று கேட்டேன். "பேட்சுக்கு முப்பது ரூவா. மூடிக்கு எதுக்குக் காசு, அது உன்னுது." பணத்தை வாங்கிக்கொண்டு என் போன் நம்பரையும் கேட்டார். எதற்கென்று புரியாமல் கொடுத்தேன். அன்று மாலை தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "தம்பி, காத்து நிக்குதா?"

நிக்குதுண்ணே என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் ஓர் அச்சகத்தில் வேலை. வயது நாற்பத்து நாலு. கூட வேலை பார்ப்பவரின் மகன் வெளிநாடு போகும்போது விற்ற கியர் சைக்கிளைப் பதினோராயிரத்துக்கு வாங்கினேன். ஆறு மாதம் அதில் வேலைக்குப் போய்வந்தேன். காணும் பொங்கல் முடிந்த மறுநாள் கிளம்பி ஒன்பது நாளில் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தேன். மரக்காணம், புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, நாகை, வேதாரண்யம், மீமிசல், தொண்டி, ராமநாதபுரம், சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று கரையை ஒட்டியே போனதில் மீட்டர் 790 கிலோமீட்டர் காட்டியது. திருச்சி, மதுரை வழியாக நாற்கரச் சாலையில் போனால் தூரம் குறையும். ஆனால் அந்தச் சாலையில் ஊர்களெல்லாம் பாலத்துக்குக் கீழே இருக்கின்றன. பேச ஆள் கிடையாது.

தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காற்று. மழை ஓய்ந்திருக்கும், வடகிழக்குக் காற்று மட்டும் மிச்சமிருக்கும், தெற்கே போகிறவனுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும். எதிர்த் திசையில் போவதாக இருந்தால் அதே காற்று நெஞ்சில் கை வைக்கும். தொண்டிப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் வலை பின்னும் கொட்டகையில் ஓர் இரவு படுத்திருந்தேன். நான் ஒரு நாளைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டுகிறேன் என்று பெருமையாகச் சொன்னதும் ஒரு பெரியவர் சிரித்தார். "நீ எங்க ஓட்டுன? வாடைக் காத்துல ஓடி வந்திருக்க. ஆடியில வந்து பாரு." ஆடியில் தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்பதற்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி.

டெல்டாவில் தை மாதத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அது சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதியை அடைத்து நெல் காயும். கார்கள் அதன் மேலேயே போகும். சைக்கிள் போனால் வழுக்கும், காயவைத்தவரிடம் திட்டும் கிடைக்கும், இரண்டும் நியாயம்தான். நெல்லைவிட மோசம் வைக்கோல். பின்பக்கக் கியரில் சுற்றிக்கொண்டால் இறங்கி ஒவ்வொரு இழையாக உருவ வேண்டும். நாகூருக்கு முன்னால் இருபது நிமிடம் அப்படித்தான் குத்த வைத்து உருவிக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் அந்த இட்லிக்கார அம்மா.

வீட்டு வாசலிலேயே அடுப்பு வைத்து இட்லி சுட்டு விற்பவர். ஆறு இட்லி சாப்பிட்டேன். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார், சென்னை என்றேன். எங்கே போகிறாய், கன்னியாகுமரி. "சைக்கிள்லயா? என்ன வேண்டுதல்?"

இந்தக் கேள்வியை மூன்று நாளில் பத்துப் பதினைந்து பேர் கேட்டுவிட்டார்கள். நான் சும்மாதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. கேட்டவர் முகத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு காரணமும் இல்லாமல் ஒருவன் எண்ணூறு கிலோமீட்டர் மிதிக்கிறான் என்றால் ஒன்று பைத்தியம், இல்லை எதையோ மறைக்கிறான். நம் சாலைகளில் பழனிக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள், வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போடவும் படுக்க இடம் காட்டவும் ஊர்களுக்குத் தெரியும். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகிறவர்களுக்காகச் சத்திரங்களே கட்டிவைத்தார்கள். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. யாத்திரைக்காரனுக்கு இடம் உண்டு. சும்மா போகிறவனை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதனால் அன்று ஒரு பொய் சொன்னேன். "பகவதி அம்மனுக்கு வேண்டுதல் அம்மா."

அவ்வளவுதான். இட்லிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். உள்ளே போய் ஒரு மஞ்சள் துணியில் பதினோரு ரூபாய் முடிந்து எடுத்துவந்தார். பேத்திக்கு மூன்று வருடமாக வரன் அமையவில்லையாம். அம்மன் சந்நிதியில் உண்டியலில் போட்டு, பேத்தி பேரைச் சொல்லிக் கும்பிட்டுவிட வேண்டும். பேரை மூன்று தடவை சொல்லவைத்து, நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் விட்டார்.

அந்த முடிச்சை ஹேண்டில்பார் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பத்து கிராம்கூட இருக்காது. அன்று முழுக்க வண்டி கனத்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் உள்ளதைச் சொன்னேன்: "ரொம்ப நாள் ஆசைங்க. நம்ம கடற்கரை முழுக்க ஒரு தடவை பார்க்கணும்னு." சும்மா என்பதைவிட இது நன்றாகவே வேலை செய்தது. ஆசை என்றால் ஜனங்களுக்குப் புரிகிறது.

இடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் நேராக "ராத்திரி தங்க இடம் கிடைக்குமா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கப்பட்டவர் மிரண்டுபோவார். தன் வீட்டைத்தான் கேட்கிறான் என்று எடுத்துக்கொள்வார், இல்லை என்று சொல்ல அவருக்குச் சங்கடம். இப்போது நாலரை, ஐந்து மணிக்குள் ஊருக்குள் போய்விடுவேன். டீக்கடையில் ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவைத்துவிட்டு உட்காருவேன். முகம் தெரிய வேண்டும். பாதி டீயில் அவர்களே விசாரிக்க ஆரம்பிப்பார்கள். கடைசியாகத்தான், "இங்க கோயில் மண்டபம், சமுதாயக்கூடம் ஏதாவது உண்டா, யாரைக் கேக்கணும்?" என்பேன். பொது இடத்தைக் கேட்டால் ஊரே யோசனை சொல்லும். வீட்டுக்குக் கூப்பிடுகிறவர் இருந்தால் அவராகக் கூப்பிடுவார். இருட்டிய பிறகு போனால் எதுவும் நடக்காது. கடற்கரை ஊர்களில் புது ஆளைப் பார்த்தால் விசாரிப்பார்கள். ஆதார் அட்டையைப் பையின் அடியில் புதைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

வேதாரண்யத்தில் அப்படித்தான் ஒருவர் கூப்பிட்டார். உப்பளத்தில் கணக்கு எழுதுபவர். திண்ணையில் பாயும் கொசுவலையும் கொடுத்து, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுவிட்டு, 1930ஆம் வருடக் கதையை எடுத்தார். பாடப் புத்தகத்தில் படித்ததுதான். ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து கிளம்பி, உப்புக் காய்ச்ச இங்கே நடந்து வந்தார்கள். அவர் சொன்ன விதத்தில் அது வேறு மாதிரி இருந்தது, ஏனென்றால் அவருக்கு உப்பில் அக்கறையே இல்லை. சோற்றைப் பற்றித்தான் பேசினார். தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன், நடந்து வருகிறவர்களுக்கு யாரும் சோறோ தங்க இடமோ தரக்கூடாது, தந்தால் ஜெயில் என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்றும் தெரியாது, யார் எடுத்தார்கள் என்றும் தெரியாது. "மரத்தைக் கைது பண்ண முடியுமா?" என்று சொல்லிச் சிரித்தார். நூறு பேர் பதினைந்து நாள் நடந்து வந்திருக்கிறார்கள், வழி நெடுக யாரோ சமைத்திருக்கிறார்கள். அவருக்கு வியப்பு அதில்தான்.

காலையில் நான் எழும் முன்பே அவர் வேலைக்குப் போய்விட்டார். ஹேண்டில்பாரில் ஒரு பொட்டலம் தொங்கியது, புளிச்சோறு. இதையும் அந்தக் கதையோடு சேர்த்துவிடாதீர்கள். அந்தத் தெருவில் நாய்கள் அதிகம், அதனால்தான் உயரத்தில் மாட்டிவிட்டுப் போனார் என்று அவர் மனைவி சொன்னார்.

அன்று மாலை போன். "காத்து நிக்குதா?"

எல்லா ஊரும் இப்படி இருந்ததாகச் சொன்னால் அது பொய். ஓர் ஊரில், பெயர் வேண்டாம், டீக்கடை பெஞ்சில் பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோயில் மண்டபச் சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்று ஒருவர் மடியைத் தட்டிக் காட்டினார். பிறகு சொந்த ஊர் எது என்றார், சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" இந்தக் கேள்வி எதற்கென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் வளர்ந்தது ஒரு மில் குடியிருப்பில். "தெருவெல்லாம் இல்லைங்க, மில் குவார்ட்டர்ஸ்" என்றேன். அவருக்கு அது போதவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, சாவி வைத்திருப்பவர் வெளியூர் போயிருக்கிறார் என்றார். மடியில் சாவி அப்படியே துருத்திக்கொண்டிருந்தது.

இருட்டில் பதினான்கு கிலோமீட்டர் ஓட்டி, ஒரு பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் அறைக்குப் பக்கத்தில் படுத்தேன். அங்கே வேலை பார்த்த பையன் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரிக்கக் கொடுத்தான். பங்கில் விளக்கு எரியும், கழிப்பறை உண்டு, கேமரா உண்டு, ராத்திரி முழுக்க ஆள் இருப்பார்கள். அழகு கிடையாது. வேறு வழியில்லாதபோது எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல இடமும் கிடையாது.

நான் ஆண், நடுத்தர வயது, தமிழ் பேசுபவன், கூடவே போன் நிறைய சார்ஜ். இந்த அனுபவம் எல்லோருக்கும் இதே போல் இருக்காது. என் தோழி ஒருத்தி அடுத்த வருடம் இதே பாதையில் தனியாகப் போனாள். அவளைத் திண்ணையில் படுக்க ஒருவரும் விடவில்லையாம். வீட்டுக்குள் கூட்டிப்போய், பெண்களுக்கு நடுவில் பாய் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியும் விட்டிருக்கிறார்கள். அதே சமயம், இரண்டு பேர் பைக்கில் ஆறு கிலோமீட்டர் அவளைப் பின்தொடர்ந்தும் வந்திருக்கிறார்கள். அவள் முதலில் கண்ணில் பட்ட வீட்டு வாசலில் வண்டியை விட்டுவிட்டு, "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்று சமையலறை வரை போய்விட்டாள். அந்த அக்கா கேள்வி கேட்காமல் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாராம். பைக் போய்விட்டது. தனியாகப் போகும் பெண்களுக்கு அவள் சொல்வது: யார் பின்னால் வந்தாலும் வேகத்தைக் கூட்டாதே, வீட்டுக்குள் போ.

முத்துப்பேட்டை தாண்டி அதிராம்பட்டினம், சேதுபாவாசத்திரம் வரை தென்னந்தோப்புகள். பல இடங்களில் மரங்கள் குட்டையாக, ஒரே உயரத்தில் நிற்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் பிறகு நட்டவை. இளநீர் வெட்டியவர் இரண்டுக்கு ஒன்றுக்குத்தான் காசு வாங்கினார். அப்போது வெளியூர்க்காரர்கள் லாரி லாரியாக அரிசி கொண்டுவந்தார்கள், அதில் உங்கள் ஊர்க்காரர்களும் இருந்திருப்பார்கள் என்றார். நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை. யாரோ செய்ததற்கு எனக்கு ஓர் இளநீர்.

நான் மறக்காத இடம் ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் இருக்கிறது. ஏழாம் நாள். இருபுறமும் சீமைக்கருவேலம், நடுநடுவே கரிமூட்டப் புகை. ராமநாதபுரம் வந்தாலே இரண்டு பாட்டிலுக்குப் பதில் நாலு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று படித்திருந்தேன். இரண்டுதான் வைத்திருந்தேன். பத்து மணிக்கே இரண்டும் காலி. கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. வியர்த்து உப்புக் குறைந்தாலும் அப்படி இழுக்கும், அதற்கு வெறும் தண்ணீர் போதாது. ஓஆர்எஸ் பொட்டலம் பையில் இருந்தது. கலக்கத் தண்ணீர் இல்லை.

சாலையோரம் ஒரு தனி வீடு. ஓட்டுக்கூரை, முன்னால் ஒரு முருங்கை. "அம்மா, தண்ணி" என்றேன். ஐம்பது வயதுக்காரம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார். "வெயில்ல எங்கய்யா போறீக? இப்பிடி நெழல்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டுச் செம்பு நிறையக் கொண்டுவந்தார். ஒரே மூச்சில் குடித்தேன். இன்னொரு செம்பு. இரண்டு பாட்டிலையும் அவரே வாங்கிப்போய் நிரப்பித் தந்தார். மூன்றாவது செம்பை நீட்டினார். எனக்கு வயிறு நிரம்பிவிட்டது. வாங்கி, தலையைக் குனிந்து, பிடரியில் அப்படியே ஊற்றிக்கொண்டேன். சுகமாக இருந்தது. தண்ணீர் முகம் வழியாக வழிந்து மண்ணில் சொட்டியது.

நிமிர்ந்தபோது அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சும்மா பார்த்தார்.

வீட்டின் பக்கவாட்டில் ஒரு தள்ளுவண்டி நின்றது. குடங்கள் வைக்க வட்ட வட்டமாக ஓட்டை விட்ட இரும்புச் சட்டம். ஐந்து பிளாஸ்டிக் குடங்கள், வாயில் துணி கட்டியிருந்தது. மூன்று குடங்களில் துணி காய்ந்திருந்தது. எவ்வளவு தூரம் போகணும் என்று கேட்டேன். ஊற்று இருக்கிற இடம் இரண்டு கிலோமீட்டர். அங்கே மணலைத் தோண்டி அகப்பையால் மொண்டு ஊற்ற வேண்டும், ஒரு குடம் நிரம்ப நேரமாகும். இல்லையென்றால் டேங்கர் வண்டிக்காரனிடம் குடத்துக்குப் பத்து ரூபாய். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதே என்றேன். அது ஆடு மாட்டுக்கு, குடித்தால் உப்புக் கரிக்கும் என்றார்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாம ஊத்திட்டேன் என்றேன். "அதுக்கென்னய்யா, சூடு தணிஞ்சுச்சா?" என்று கேட்டார். பணம் எடுக்கக் கை பைக்குப் போனது. நல்லவேளை அதோடு நின்றது. தண்ணிக்குக் காசு கொடுப்பது அந்த வீட்டில் எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது அந்த நிமிடத்தில் எனக்கே தெரிந்தது. கடைசியில், வண்டியை நான் ஒரு நடை தள்ளிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "கெண்டைக்கால் இழுக்குதுன்னு உக்காந்திருக்கீக, நீங்க எங்க தள்றது." ஓஆர்எஸ்ஸைக் கலக்கிக் குடித்து, வெயில் தாழும் வரை முருங்கை நிழலில் படுத்திருந்தேன். மூன்றரைக்குக் கிளம்பும்போது ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தார், வாயில் அடக்கிக்கொள்ள.

பணம் கொடுப்பதைப் பற்றி எனக்கு இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. கடையில் தருவதற்குக் கடைக்காரர் சொல்வதைக் கொடுப்பேன், பேரம் கிடையாது. வீட்டில் சாப்பிட்டால் பணத்தை எடுக்கவே மாட்டேன். வெங்காயம் உரிப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, குழந்தையின் சைக்கிளுக்குச் செயின் போட்டுக் கொடுப்பது என்று ஏதாவது ஒரு வேலைக்குள் புகுந்துகொள்வேன். கேட்டு ஒரு குடும்பப் போட்டோ எடுப்பேன். ஊர் திரும்பியதும் அச்சகத்தில் நல்ல தாளில் அடித்துத் தபாலில் அனுப்பிவிடுவேன். வாட்ஸாப்பில் அனுப்பினால் போனோடு போய்விடும். சாயல்குடி அம்மாவை மட்டும் போட்டோ எடுக்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லித் தராத விஷயம். பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசர் போட்டால் உள்ளாடை போடாதீர்கள். தையல் உரசி மூன்றாம் நாள் உட்கார முடியாது. நான் உட்கார முடியாமல்தான் கற்றுக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் போதும், விலையுயர்ந்த களிம்பு வேண்டாம். காலை ஐந்து மணிக்குப் பின்விளக்கைப் போட்டுக் கிளம்பி, ஒன்பதரைக்குப் பழையசோறு கிடைத்தால் விடாமல் சாப்பிட்டு, பதினொன்றுக்குள் நிழலில் ஒதுங்கிவிட வேண்டும். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். ஓடாதவனைத் துரத்துவதில் அதற்கு ஆர்வமில்லை. பழைய டியூபை நீளமாக வெட்டிய கயிறு இரண்டு மூன்று வைத்திருங்கள். கேரியரில் எதைக் கட்டவும் அதற்கு இணையாக ஒன்றில்லை.

தூத்துக்குடி உப்பளங்களைக் காற்றின் புண்ணியத்தில் பறந்து கடந்தேன். திருச்செந்தூர்ச் சாலையில் தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள், பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக. வழியில் பந்தல் போட்டுச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தயங்கி நின்றதைப் பார்த்து ஒருவர், "என்ன அண்ணாச்சி, சைக்கிள்ல வந்தா பசிக்காதோ?" என்று கையைப் பிடித்து வரிசையில் உட்காரவைத்துவிட்டார். இங்கே யாரும் வேண்டுதலா என்று கேட்கவில்லை. இலை போட்டுவிட்டார்கள்.

கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்க்க நேரமில்லை, கோயில் நடை சாத்துவதற்குள் போக வேண்டியிருந்தது. பகவதி அம்மன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். டிரவுசரோடு விட மாட்டார்கள், வாசல் கடையில் வேட்டி வாங்கினேன். ஒன்பது நாள் வெயிலில் முழங்கை வரை ஒரு நிறமும் மேலே வேறு நிறமுமாக, கையில் மஞ்சள் முடிச்சோடு வரிசையில் நின்றேன். உண்டியலில் போட்டேன். பேத்தி பெயரை மூன்று தடவை சொன்னேன். எனக்காக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் ரயில்வே பார்சல் ஆபீஸில் சைக்கிளைப் புக் செய்துவிட்டு, அதே வண்டியில் ஊர் திரும்பினேன். ஹேண்டிலைத் திருப்பி, பெடலைக் கழற்றி, பெயரும் நம்பரும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டிவிட்டால் போதும். ஒன்று பிய்ந்தாலும் இன்னொன்று இருக்கும்.

அந்த டியூபை இன்னும் மாற்றவில்லை. போன மாதம் வேலைக்குப் போகும் வழியில் அதில் வேறோர் இடத்தில் பஞ்சர். நானே ஒட்டினேன். வேப்பமரத்தடியில் ஒட்டிய பேட்ச் பக்கத்திலேயே, அசையாமல் இருந்தது. சொல்ல வேண்டும் போல இருந்தது, சாயங்காலம் போன் செய்தேன்.

"அண்ணே, நீங்க ஒட்டுனது அப்படியே இருக்கு. பக்கத்துல இன்னொண்ணு விழுந்துச்சு."

"அத யாரு ஒட்டுனா?"

"நான்தான்."

"காய வெச்சு ஒட்டுனியா?"

கொஞ்சம் அவசரம், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

"அப்ப அது நிக்காது" என்றார்.